கடைப் பெயர்ப்பலகையைக் கையால் எழுதுவது எப்படி: பழைய போர்டைப் படிப்பதிலிருந்து மூலைக் கையெழுத்து வரை

நான் தொழில் கற்ற பட்டறை மதுரையில் ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. ஃபிளெக்ஸ் வந்த பிறகு அந்தச் சந்தில் பெயின்ட் வாடை நின்றுபோனது. ஆனால் சில ஆண்டுகளாக, தாத்தாவின் மளிகைக் கடையை எடுத்து நடத்தும் பேரன்களும், புதிதாகக் காபிக்கடை தொடங்கும் பெண்களும் "கையால எழுதின போர்டுதான் வேணும்" என்று கேட்டு வருகிறார்கள். எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. இந்த வழிகாட்டி அவர்களுக்காக. தகரம், எனாமல் பெயின்ட், நாலைந்து பிரஷ், ஒரு வாரப் பொறுமை இருந்தால் 8 அடிக்கு 3 அடி போர்டு ஒன்றை முழுதாக எழுதி முடிக்கலாம்.

முதல் படி: பிரஷ்ஷைத் தொடுமுன் தெருவைப் படியுங்கள்

என் வாத்தியார் முதல் மாதம் எனக்கு பிரஷ் தரவில்லை. மாசி வீதிகளில் நடந்து, பத்துப் போர்டுகளைப் பார்த்து வந்து தரையில் சாக்பீஸால் எழுதிக் காட்டச் சொல்வார். அந்த ஒரு மாதம் வீணாகவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. பழைய போர்டைப் பார்த்து அதன் வயதைச் சொல்லத் தெரிந்தவர்தான், புதிய போர்டில் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவுசெய்ய முடியும்.

கடைக்கு அடையாளம் வைப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்ற இடத்தில் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும் அடையாளம் அது. இன்றும் நெடுஞ்சாலை ஓரப் புளியமரத்தில் பழைய டயர் தொங்கினால் அங்கே பஞ்சர் கடை உண்டு என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது. டயரின் மேல் வெள்ளை பெயின்டில் 'பஞ்சர்' என்று எழுதியிருப்பது கூடுதல்தான். கொடியிலிருந்து டயர் வரை வேலை ஒன்றே: தூரத்தில் வருபவரை நிறுத்துவது.

இனி, எழுத்துப் போர்டுகளை வயதறியும் வழி.

பொருளைப் பாருங்கள். பழைய கடைவீதிக் கட்டடங்களின் நெற்றியில் சுண்ணாம்புச் சுதையிலோ சிமென்டிலோ புடைப்பாக எழுந்து நிற்கும் பெயரும் ஆண்டும் கட்டடத்தோடு பிறந்தவை. கொத்தனார் கரண்டியால் செதுக்கிய எழுத்து என்பதால் அதன் ஓரம் தடித்து, மூலைகள் மழுங்கியிருக்கும். பழைய மருந்துக்கடை, எண்ணெய்க்கடை வாசல்களில் அபூர்வமாக இன்னும் தப்பியிருக்கும் பளபளத்த இரும்புத் தகடுகள் வேறு வகை. கண்ணாடித் தூளைப் பல நூறு டிகிரி சூட்டில் இரும்போடு உருக்கி ஒட்டிய பீங்கான் எனாமல் அது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1889-இலேயே இதற்கென்று ஒரு தொழிற்சாலை இயங்கியது. சோப்பு, சிகரெட், தேயிலை நிறுவனங்கள் இத்தகைய தகடுகளை உலகெங்கும் மாட்டின. நிறம் கண்ணாடிக்குள் இருப்பதால் வெயிலில் வெளுக்காது. கல்பட்டு ஓரம் சிதறினால் மட்டும் அந்த இடத்தில் துரு பிடிக்கும். அதற்கடுத்து மரச்சட்டத்தில் அடித்த தகரம். பிறகு அக்ரிலிக், குழல்விளக்குப் பெட்டி, ஃபிளெக்ஸ், இப்போது எல்.இ.டி. எழுத்து. நியான் குழாயை 1910-இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஜார்ஜ் கிளாட் என்பவர் ஏற்றிக் காட்டினார். அந்தச் சிவப்பு வெளிச்சம் உலகத்து நகரங்களின் இரவையே மாற்றியது. ஆனால் நம் கைக்கு வேண்டியது தகரப் போர்டுதான்.

அடுத்து எழுத்தைப் பாருங்கள். இதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. 'மளிகை'யில் வரும் 'கை' என்ற எழுத்து ஒரு தகவலும் தராது. 'விற்பனை'யின் னை, 'சாலை'யின் லை காட்டிக்கொடுத்துவிடும். ணை, லை, ளை, னை என்ற நான்கும் முன்பு தனி இணைக்கொம்பு (ை) இல்லாமல், எழுத்தின் முன்னால் யானைத் துதிக்கைபோல் ஒரு வளைவோடு எழுதப்பட்டன. ணா, றா, னா என்பவற்றுக்கும் தனித் துணைக்கால் கிடையாது. எழுத்தோடு ஒட்டிய சுழிதான். பெரியார் 1935-இலேயே தம் இதழில் இந்த எழுத்துகளை மாற்றி அச்சிட்டார். எம்.ஜி.ஆர். அரசு 1978-இல் ஆணையிட்டு 13 எழுத்து வடிவங்களை மாற்றியது. ஆகவே துதிக்கை வைத்த 'லை' தெரிந்தால், அந்தப் போர்டு 1978-க்கு முந்தியது, அல்லது அதற்கு முன் எழுதப் பழகிய கை எழுதியது. இரண்டாவது சாத்தியத்தை மறக்காதீர்கள். என் வாத்தியார் தொண்ணூறுகளிலும் அவசரத்தில் துதிக்கை லை போட்டுவிட்டு, துடைத்துத் திருத்துவார்.

பிறகு முகவரிக் கோடு. அஞ்சல் துறை ஆறு இலக்கப் பின்கோடை 1972 ஆகஸ்ட் 15 அன்று கொண்டுவந்தது. ஆறு இலக்கமும் இருந்தால் போர்டு அதற்குப் பிந்தியது. 'மதுரை - 1' என்று சுருக்கமாக இருந்தால் மட்டும் முந்தியது என்று சொல்லிவிட முடியாது, பலர் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். 'மெட்ராஸ்' என்றிருந்தால் பெரும்பாலும் 1996-க்கு முன். டின் என்ற வணிகவரிப் பதிவு எண் இருந்தால் 2007-இல் வாட் எனும் மதிப்புக்கூட்டு வரி வந்த பிறகு, ஜி.எஸ்.டி. எண் இருந்தால் 2017 ஜூலைக்குப் பிறகு. தொலைபேசி எண்ணின் நீளமும் சாட்சி சொல்லும். ஒரே போர்டில் ஐந்திலக்க எண்ணை அழித்து ஆறிலக்கம், அதன் மேல் கைபேசி எண் என்று மூன்று தலைமுறை பெயின்ட் படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சாய்வெளிச்சத்தில் பார்த்தால் அடியில் உள்ள எண் மேடாகத் தெரியும்.

போர்டு எழுத்துக்காகத் தமிழ்நாட்டில் சண்டையே நடந்திருக்கிறது. 1953 ஜூலை 15 அன்று டால்மியாபுரம் ரயில் நிலையப் பலகையின் மேல் 'கல்லக்குடி' என்று எழுதிய தாளைக் கலைஞர் ஒட்டியதும், 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரி பெரியாரின் இயக்கம் நாள்தோறும் மறியல் செய்ததும் எழுத்துக்காகத்தான். அசைவம் கிடைக்கும் என்பதைச் சொல்ல 'மிலிட்டரி ஓட்டல்' என்று எழுதும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. போர்டில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் யாரை உள்ளே அழைக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதைத் தெரிந்து எழுதுங்கள்.

இரண்டாம் படி: வாசகத்தை முடிவுசெய்யுங்கள்

கடைக்காரர் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தருவார். அதை அப்படியே எழுதிவிடக் கூடாது. 'சில்லரை' என்று தந்தால் 'சில்லறை' என்று திருத்துங்கள். 'விற்பணை' என்றால் ரெண்டு சுழி ன போட வேண்டும் என்று சொல்லுங்கள். 'துணி கடை', 'நகை கடை', 'மருந்து கடை' எல்லாவற்றிலும் ஒற்று விடுபட்டிருக்கும். துணிக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை என்பதே சரி. ஒரு ஒற்றைச் சேர்த்தால் இடம் போதாது என்று அதை விட்டுவிடுவதைப் பார்க்கிறேன். இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குங்கள், ஒற்றை எடுக்காதீர்கள். தெருவில் நடக்கும் குழந்தை முதலில் படிப்பது பாடநூலை அல்ல, கடைப் போர்டைத்தான். அது படிக்கும் பிழைக்கு எழுதியவரே பொறுப்பு. நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

சட்டமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்களுக்கான விதிப்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், மற்ற மொழிகளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 1977-இல் இதற்கு அரசாணை வந்தது. தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்பது விகிதம். இந்தக் கணக்கு நமக்கு உதவியாகத்தான் இருக்கிறது. எது பெரிது, எது சிறிது என்ற தகராறை அது முன்பே தீர்த்துவிடுகிறது.

சொற்களைக் குறையுங்கள். பெயர், தொழில், முகவரி. 'எங்களிடம் கிடைக்கும்' என்று தொடங்கும் பட்டியலைக் கதவின் உட்பக்கம் எழுதலாம், நெற்றியில் வேண்டாம்.

மூன்றாம் படி: எதிர்ப்புறம் போய் நில்லுங்கள்

போர்டு எங்கே தொங்கப் போகிறது என்று பார்க்காமல் அளவு எடுக்காதீர்கள். சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து கடை வாசல் எத்தனை அடி? இடையில் மரம், மின்கம்பி, பக்கத்துக் கடையின் கூரை ஏதாவது மறைக்கிறதா? மதிய வெயில் முகத்தில் அடிக்குமா? தொழிலில் புழங்கும் கணக்கு, எழுத்து உடலின் (மேலே புள்ளியும் கீழே வாலும் நீங்கலான நடுப்பகுதியின்) ஓர் அங்குல உயரத்துக்குப் பத்தடி தூரம் என்பது. பத்து அங்குல எழுத்து நூறடியில் தெளிவாகத் தெரியும். இது ஆங்கிலப் பெரிய எழுத்துகளை வைத்துப் பிறந்த கணக்கு. நம் எழுத்தில் சுழி அதிகம் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள்.

நான்காம் படி: எழுத்துக்கு இடம் பிரித்தல்

போர்டுத் தொழிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

நான் தனியாக எழுதிய முதல் போர்டு ஒரு டீக்கடைக்கு. எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில், மேல் பார்டரை ஒட்டி எழுத்தின் உடலைத் தொடங்கிவிட்டேன். எல்லாம் எழுதிய பிறகு புள்ளி வைக்க இடமில்லை. புள்ளியை நசுக்கி முட்டைபோல் வைத்தேன். மாட்டிய பிறகு, மேலே தாழ்வாரத்தின் நிழல் விழுந்து அந்த அரைப் புள்ளியும் மறைந்தது. தூரத்திலிருந்து 'கண்ணன்' என்பது 'கணணன' என்று தெரிந்தது. வாத்தியார் திட்டவில்லை. ஏணி போட்டுக் கழற்றி, முழுதும் சுரண்டி, மறுபடி எழுத வைத்தார்.

தமிழ் எழுத்துக்கு உடல் மட்டும் போதாது, தலையும் காலும் வேண்டும். தலைக்கு மேலே புள்ளியும், இகர ஈகார விசிறிகளும் எழும். கீழே மு, ரு, டு ஆகியவற்றின் வளைவு இறங்கும். சு, பு, வு நேர்க்கோடாக இறங்கும். து, நு, னு இறங்கி வளைந்து மேலே திரும்பும். த, ந, ழ, ற ஆகியவற்றுக்குத் தனியாகவே வால் உண்டு. உடல் பத்து அங்குலம் என்றால் தலைக்கு நான்கு, காலுக்கு நான்கு ஒதுக்குங்கள்.

8 அடிக்கு 3 அடி போர்டில் 'முருகன் மளிகை' என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். உயரம் 36 அங்குலம். மேலும் கீழும் மும்மூன்று அங்குலம் ஓரம் விட்டால் 30 மிச்சம். தமிழ்ப் பெயருக்குத் தலை 4, உடல் 10, கால் 4, மொத்தம் 18. கீழே ஆங்கிலப் பெயருக்கு 6. பத்துக்கு ஆறு என்பது ஐந்துக்கு மூன்றுதானே, விதியும் நிறைவேறுகிறது. மிச்சம் உள்ள ஆறில் முகவரிக்கு இரண்டரை, வரிகளுக்கு நடுவே மூன்றரை. முகவரி கடை வாசலில் நிற்பவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

அகலத்துக்கு வாத்தியார் சொல்லித்தந்த அலகுக் கணக்கு. எழுத்தை எண்ணாதீர்கள், அலகை எண்ணுங்கள். துணைக்கால், ர இரண்டும் அரை அலகு. க, ச, ட, த, ந, ப, ம, ய, வ, ழ ஒவ்வொன்றும் ஒரு அலகு. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு ஆகியவையும் ஒவ்வோர் அலகு. ல, ள, ற, ன, ஜ ஒன்றரை. ண, ஸ, ஷ, ஹ இரண்டு. உகரம் ஏறினால் ர-வும் ஓர் அலகாகிவிடும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அரை. எழுத்துக்கு அடுத்த சிறு இடைவெளி அந்தந்த அலகுக்குள்ளேயே அடக்கம்.

முருகன்: 1, 1, 1, 1½. கூட்டினால் 4½. இடையில் ½. மளிகை: 1, 1½, பிறகு கை-க்கு இணைக்கொம்பும் க-வும் சேர்ந்து 2. அதுவும் 4½. ஆக 9½ அலகு. போர்டின் அகலம் 96 அங்குலம். இரு பக்கமும் ஐந்தைந்து விட்டால் 86. வகுத்தால் ஓர் அலகுக்கு ஒன்பது அங்குலம். உடல் உயரம் பத்து, அகலம் ஒன்பது. அழகான எழுத்து வரும்.

இதே போர்டில் 'கண்ணன் ஜவுளி' என்று எழுதுங்கள். இதிலும் ஏழு எழுத்துதான். ஆனால் கண்ணன் 6½, ஜவுளி 4, இடை ½. மொத்தம் 11 அலகு. ஓர் அலகு எட்டு அங்குலத்துக்கும் கீழே இறங்கிவிடும். எழுத்தை எண்ணிக் கட்டம் போட்டவர் பாதி போர்டில் மாட்டிக்கொள்வார். கடைசி எழுத்து சுருங்கி ஓரத்தில் ஒண்டியிருக்கும் போர்டுகள் எல்லாம் இப்படிப் பிறந்தவையே.

அலகு உங்களை வாசல் வரை கொண்டுவந்து விடும். உள்ளே போகக் கண் வேண்டும். இரண்டு நேர்க்கோடுகள் பக்கத்தில் நின்றால் இடைவெளி நெருக்கமாகத் தெரியும், அங்கே கூட்டுங்கள். வளைவும் வளைவும் சந்தித்தால் குறையுங்கள். ட ஒரு தனிச் சிக்கல். அதற்கு இடக்காலும் அடிக்கோடும்தான் உண்டு, மேல் வலப்புறம் வெறுமை. 'பட்டு' என்று எழுதும்போது முதல் ட-வின் வெறுமையில் புள்ளி வந்து உட்கார்ந்துகொள்வதால் தப்பிக்கிறோம். 'பாடகர்' என்றால் ட-வுக்கும் க-வுக்கும் நடுவே பெரிய ஓட்டை விழும். க-வை இடப்புறம் இழுத்து ட-வின் மேல் கொஞ்சம் நுழையவிடுங்கள். கணினியில் எழுத்துருவை நீட்டியும் நசுக்கியும் ஃபிளெக்ஸ் அடிக்கும்போது கெட்டுப்போவது இந்த இடங்கள்தான். நசுக்கினால் நின்ற கோடு மெலிந்து, படுத்த கோடு அப்படியே தடிமனாக நிற்கும். கையால் எழுதுபவர் அகலத்தைக் குறைத்தாலும் கோட்டின் தடிமனைக் காப்பாற்றுவார்.

கோட்டுத் தடிமன் பற்றி ஒரு வார்த்தை. உடல் பத்து அங்குலம் என்றால் நிற்கும் கோட்டுக்கு ஒன்றே முக்கால், படுக்கும் கோட்டுக்கு ஓர் அங்குலம் சரியாக இருக்கும். மூணு சுழி ண வந்தால் உள்சுழிகளை மெலிதாக்கி, வெளிக்கோட்டின் தடிமனைக் குறைக்காமல் வையுங்கள். உள்ளே அடைத்துப்போன ண தூரத்தில் வெறும் திட்டாகத் தெரியும். புள்ளி கோட்டின் தடிமனைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். பழைய போர்டுகளில் நடுவே வெறுமை விட்டு வளையமாகப் புள்ளி வைப்பார்கள். நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் அது இன்றும் எடுப்பாக இருக்கும்.

முழு அமைப்பையும் எட்டுக்கு ஒன்றாகச் சுருக்கி, 12 அங்குலத் தாளில் பென்சிலால் போட்டுக் கடைக்காரரிடம் காட்டுங்கள். அவர் தலையாட்டிய பிறகே தகரத்துக்குப் போக வேண்டும்.

ஐந்தாம் படி: தகரத்தைத் தயார் செய்தல்

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டில் எனாமலை நேரடியாக அடித்தால் முதலில் நன்றாகத்தான் ஒட்டும். சில மாதங்களில் தோல் உரிவதுபோல் பாளம் பாளமாக வரும். ஷீட்டின் மேலுள்ள துத்தநாகம் பெயின்டின் எண்ணெயோடு வினைபுரிந்து, இடையில் சோப்புபோல் ஒரு படலத்தை உண்டாக்குவதே காரணம். எனவே சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப்பசை போகக் கழுவி, உப்புத்தாள் போட்டு, ஜி.ஐ.-க்கென்றே விற்கும் எட்ச் பிரைமர் அடியுங்கள். சாதாரண இரும்புத் தகடு என்றால் துரு நீக்கி ரெட் ஆக்ஸைடு பிரைமர் போதும்.

பழைய போர்டின் மேல் எழுதுவதானால் கவனம் வேண்டும். பழைய பெயின்டில், அதிலும் மஞ்சளில், ஈயம் கலந்திருக்கும். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயத்தை 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்கு மட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்ந்த போர்டைச் சுரண்டித் தூசு கிளப்பாதீர்கள். தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரால் தேயுங்கள், முகமூடி அணியுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். எங்கள் தலைமுறைக்கு இதை யாரும் சொல்லவில்லை.

பிரைமர் உலர்ந்ததும் பின்னணி நிறம் இரண்டு பூச்சு. எனாமல் உலர்வது ஈரத்துணி காய்வதுபோல் அல்ல. டர்பன்டைன் பறந்த பிறகு, காற்றிலுள்ள ஆக்ஸிஜனை வாங்கித்தான் அது இறுகும். ஒவ்வொரு பூச்சுக்கும் ஓர் இரவு விடுங்கள், மழைக்காலத்தில் இரண்டு. காசு மிச்சம் என்று மண்ணெண்ணெய் கலப்பவர்கள் உண்டு. பளபளப்பு செத்துவிடும், உலரவும் தாமதமாகும்.

நிறத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம், வேறுபாடு பலமாக இருந்தால் போதும். மஞ்சளில் கறுப்பு, கருநீலத்தில் வெள்ளை, அடர்சிவப்பில் மஞ்சள். மேற்குப் பார்த்த கடைக்குச் சிவப்பு எழுத்து எழுதாதீர்கள், பல சிவப்புகள் வெயிலில் முதலில் வெளுப்பவை.

ஆறாம் படி: கோடும் மாதிரியும்

பருத்தி நூலில் சாக்பீஸ் தூளைத் தடவி, இரு முனையையும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டுங்கள். நேர்க்கோடு விழும். தலை, உடல், கால் என்று பெயருக்கு நான்கு கோடு அடிக்க வேண்டும். அலகுகளைச் செங்குத்தாகக் குறித்து, சாக்பீஸால் எழுத்தின் எலும்பை மட்டும் போடுங்கள். பத்தடி பின்னால் போய்ப் பாருங்கள், திருத்துங்கள், மறுபடி போங்கள். பயில்பவர்கள் இந்த இடத்தில் ஒரு மணி நேரமாவது செலவழிக்க வேண்டும்.

ஒரே பெயரை நாலு போர்டில் எழுதுவதானால் வேறு வழி. பெரிய தாளில் எழுத்தை வரைந்து, ஓரம் நெடுக ஊசியால் நெருக்கமாகத் துளையிடுங்கள். தாளைப் போர்டில் ஒட்டி, மெல்லிய துணியில் கட்டிய கரித்தூளை அதன் மேல் தட்டினால் புள்ளிக் கோடாக எழுத்து இறங்கிவிடும்.

ஏழாம் படி: எழுதுதல்

ஓர் அங்குலம், அரை அங்குலம், கால் அங்குலத் தட்டை பிரஷ் மூன்று. சுழிக்கும் முகவரிக்கும் உருண்டை பிரஷ் இரண்டு. கீரி முடி பிரஷ் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். கீரி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்ள விலங்கு, அந்த பிரஷ்ஷை வைத்திருப்பதே குற்றம். நல்ல செயற்கை முடி பிரஷ் இப்போது எளிதில் கிடைக்கிறது.

பெயின்டைத் தகர மூடியில் கொஞ்சம் ஊற்றி, பிரஷ்ஷை அதில் முன்னும் பின்னும் இழுத்து முடியெல்லாம் ஒரே தகடாகப் படியும்படி செய்யுங்கள். டப்பாவுக்குள் நேராக முக்கினால் அடிமுடியில் பெயின்ட் தேங்கி, எழுதும்போது வழியும். பெயின்ட் தேன் பதத்தைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருக்கட்டும். அரைமணிக்கு ஒருமுறை இரண்டு சொட்டு டர்பன்டைன்.

இடக்கையில் மூன்றடிக் குச்சி ஒன்று. அதன் நுனியில் துணிப்பந்து கட்டி, போர்டில் சாய்த்துப் பிடியுங்கள். வலக்கை மணிக்கட்டு அந்தக் குச்சியின் மேல் உட்கார வேண்டும். ஈரமான எழுத்தில் கை படாது, நடுங்கவும் செய்யாது.

நிற்கும் கோடுகளை முதலில் எழுதுங்கள். மேலிருந்து கீழே, ஒரே இழுப்பில். ம என்றால் இடக்கால், பிறகு அடிக்கோடு, கடைசியில் வலப்புற வளைவு. வளைவில்தான் கைத்திறன். கையை வளைக்காமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் பிரஷ்ஷின் காம்பை மெல்ல உருட்ட வேண்டும். உருட்டினால் தட்டை முடி வளைவோடு சேர்ந்து திரும்பி, தடிமன் மாறாமல் வரும். ரெண்டு சுழி ன-வை நூறு தடவை பழைய தகரத்தில் எழுதுங்கள். சுழி உருண்டையாக, கனம் சமமாக வந்த அன்று உங்களுக்குத் தமிழில் முக்கால்வாசி எழுத்து வந்துவிட்டது. ஓலையில் எழுத்தாணியால் பிறந்த எழுத்து நம்முடையது. இலையை நெடுக்கில் கிழித்துவிடக் கூடாது என்று வளைந்த எழுத்து என்பார்கள். தட்டை பிரஷ் அதற்கு நேர்க்கால் கொடுத்தது, ஆனாலும் சுழியை விட முடியவில்லை. அந்த இரண்டும் சேர்ந்த வடிவம்தான் நம் கடைவீதிகளுக்கே உரிய போர்டு எழுத்து.

தில்லியில் ஹனீஃப் குரேஷி என்ற கலைஞர், தெருப் பெயின்டர்களின் எழுத்துகளைத் தேடிச் சேர்த்து, எழுதியவர் பெயரிலேயே கணினி எழுத்துருக்களாக்கினார். தமிழ்ப் போர்டு எழுத்துக்கும் அப்படி ஊர் ஊராகச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. மதுரைக் கையும் கோயம்புத்தூர்க் கையும் ஒன்றல்ல.

எட்டாம் படி: ஷேடும் அவுட்லைனும்

எழுத்து ஓர் இரவு உலர்ந்த பிறகே ஷேடு. வெளிச்சம் இடது மேலிருந்து விழுவதாக வைத்து, எழுத்தின் வலப்பக்கமும் அடிப்பக்கமும் நிழல் போடுங்கள். முதல் எழுத்தில் எந்தப் பக்கமோ கடைசி வரை அதே பக்கம். எழுத்தை ஒட்டாமல் ஒரு நூல் இடைவெளி விட்டுப் போட்டால் எழுத்து போர்டை விட்டு எழும்பி நிற்கும். ண, ஞ ஆகியவற்றின் உள்சுழிக்குள் ஷேடு போட வேண்டாம். அங்கே வெறுமைதான் வேண்டும்.

அவுட்லைன் எல்லா எழுத்துக்கும் தேவையில்லை. ஷேடு போதுமானால் நிறுத்திக்கொள்ளுங்கள். பார்டர் கடைசி. மூலைகளில் பூவேலை வைக்கும் பழக்கம் உண்டு. அது பெயரைவிட அதிகமாகப் பேசத் தொடங்கினால் எடுத்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: மாட்டுதலும் பராமரிப்பும்

மேல் விளிம்பு முன்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். கீழிருந்து பார்ப்பவருக்கு நேராகத் தெரியும், மழைநீரும் முகத்தில் ஓடாது. சட்டத்தின் பின்புறமும் பிரைமர் அடித்திருக்கிறதா என்று பாருங்கள், துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

வலது கீழ்மூலையில் உங்கள் பட்டறைப் பெயரை, 'ஆர்ட்ஸ்' சேர்த்து, ஓர் அங்குலத்துக்குள் எழுதுங்கள். வெட்கப்பட வேண்டாம். தெருவில் பெயர் தெரியாமல் போன எத்தனையோ கைகளைத் தேடி அலைந்தவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது.

பண்டிகைக்கு முன் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், சோப்புத்தூள் வேண்டாம். மிஞ்சிய பெயின்டை ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிறு புட்டியாக மூடி, கடைப் பெயர் எழுதி எடுத்து வையுங்கள். லாரி உரசியோ ஏணி பட்டோ எழுத்து பெயர்ந்தால், அதே நிறத்தை அங்கே மட்டும் தொட்டுவிடலாம். வாத்தியாரின் அலமாரியில் அப்படி முப்பது புட்டிகள் இருந்தன. அதில் சில கடைகள் இப்போது இல்லை. புட்டிகளை மட்டும் நான் இன்னும் வைத்திருக்கிறேன்.